இரண்டு பேரிடம் சொல்லி வைத்தவர்

ஏற்காட்டில் நாங்கள் மூன்று வருடம் குடியிருந்த வீட்டின் ஓனர், எந்த வேலையையும் ஒரே ஆளிடம் சொல்லி நான் பார்த்ததில்லை. சேலத்துக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாளே டாக்ஸிக்காரரிடம் சொல்லி வைப்பார். அந்தப் போனை வைத்த கையோடு தெரிந்த கண்டக்டருக்குப் போன் செய்து பஸ்ஸில் முன் சீட்டுக்குச் சொல்லி வைப்பார். மறுநாள் காலையில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, கீழே இறங்குகிற யாருடைய காரிலாவது தொற்றிக்கொண்டு போய்விடுவார். ஒன்பது மணிக்கு டாக்ஸி வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். ஓனரம்மா ஜன்னலைத் திறந்து, “அவரு பஸ்ஸுல போயிட்டாருங்களே” என்பார். அங்கே பஸ்ஸின் முன் சீட்டில் கண்டக்டரின் துண்டு மட்டும் உட்கார்ந்துகொண்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போகும்.

சொல்லி வைப்பது நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஒருவரிடம் சொல்லி வைப்போம், காத்திருப்போம், அவர் கைவிட்டால் நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்தவரைத் தேடுவோம். ஓனர் இந்தக் காத்திருப்பையும் திட்டுவதையும் தேவையில்லாத செலவாக நினைத்து எடுத்துவிட்டார். முதல் ஆள் ‘சரி’ என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது ஆளின் நம்பர் அவர் விரலுக்கு வந்திருக்கும். “எதுக்கும் இன்னொருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சர்றனுங்க” என்பார். அந்த ‘எதுக்கும்’ காதில் விழுந்தாலே ஓனரம்மாவின் முகம் சுருங்கிவிடும்.

“என்னயப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே இன்னொரு ஊட்டுக்கும் சொல்லி வெச்சிருந்தாருங்க” என்று ஒருநாள் துணி காயப்போடும்போது அந்தம்மா என்னிடம் சொன்னார். “அங்க பஜ்ஜி தின்னுட்டு இங்க வந்து கேசரி தின்னாரு.”

“அப்புறம் உங்களைத்தான் பிடிச்சிருக்குன்னு எப்பச் சொன்னாருங்க?”

“அவரு எங்கீங்க சொன்னாரு. எங்கப்பாதான் அந்த ஊட்டுக்கு நேராப் போயி, நீங்க வேற எடம் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டு வந்தாரு. இவரு சொல்லட்டும்னு உட்டிருந்தா நாங்க ரெண்டு பொண்ணுங்களும் இன்னைக்கும் பூ வெச்சுட்டு உக்காந்திருப்போம்.”

ஓனர் காப்பி எஸ்டேட் ஒன்றின் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழம் பறிக்கிற பருவத்தில் ஒரு நாள் இருபது ஆள் வேண்டும் என்று மேலிடம் சொன்னதாம். தலைச்சோலை மேஸ்திரியிடம் இருபது சொன்னார். எதுக்கும் இருக்கட்டும் என்று கிளியூர் மேஸ்திரியிடமும் இருபது சொன்னார். விடிந்தால் நாற்பது பேரும் கூடையோடு நிற்கிறார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. நாற்பது பேரையும் தோட்டத்துக்குள் விட்டார். பழுத்தது பத்து மணிக்கே தீர்ந்து, மதியத்துக்குள் செங்காயும் பச்சைக்காயும் கூடைக்கு வந்துவிட்டன. இந்தக் கதையை அவர் என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார். “அவ்வளவு வேகமா அந்தத் தோட்டத்துல ஒருக்காலும் வேலை நடந்ததில்லீங்க.” எஸ்டேட் முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டேன். அன்றைக்கு நல்ல மழை வந்தது என்று பேச்சை மாற்றிவிட்டார்.

முதலில் நான் அவரைச் சந்தேகப் பிராணி என்று நினைத்தேன். யாரையும் நம்பாதவர்தான் இரண்டு பேரிடம் சொல்வார் என்பது என் கணக்கு. பழகிய பிறகுதான் தெரிந்தது, அவர் எல்லோரையும் நம்புகிறவர். அவருக்கு வராதது ஒரே ஒரு சொல். ‘வேண்டாம்’ என்ற சொல். ஒரு வேலை முடிந்த பிறகும் இரண்டாவது ஆளுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது. “வர்றேன்னு சொன்ன மனுசன்கிட்ட வேண்டாம்னு சொன்னா அவரு மூஞ்சி எப்படிங்க இருக்கும்?” என்று கேட்பார். போனில் சொன்னால் மூஞ்சி தெரியாதே என்றால், “எனக்குத் தெரியுமுங்க” என்பார்.

இதையெல்லாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நான். என் தலையில் விடிகிற வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் கணவருக்கு ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் வேலை. அதனால்தான் சேலத்திலிருந்து மேலே வந்தோம். மகள் பிறந்ததும் நான் விட்ட கணினி வேலை எட்டு வருடம் விட்டபடியே கிடந்தது. எண்ணிப் பார்க்க முடியாத அளவு விண்ணப்பம் போட்டு, ‘இடையில் எட்டு வருடம் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்விக்கு விதவிதமாகப் பதில் சொல்லி, கடைசியில் பெங்களூர்க் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கொடுத்தது. காய்கறி வாங்கும் மொபைல் செயலியைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் பர்மனெண்ட், பிடிக்காவிட்டால் நன்றி வணக்கம். அந்த ஆறாவது மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மேனேஜர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் செயலியை ஐந்து அளவு போன்களில் திறந்து குறைகளை நான் காட்ட வேண்டும்.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் கம்பெனி லேப்டாப் கண்ணை மூடியது. ஏற்காட்டு மூட்டத்தில் துணி காயாமல் போவதுண்டு, லேப்டாப்புக்குள்ளும் ஈரம் இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு ஒன்று வந்து சேர அடுத்த வாரம் ஆகும் என்றார்கள். நாளைத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கலாம். ஆனால் எட்டு வருடம் கழித்து வந்தவள் அதையும் கேட்டால், அந்தப் பக்கம் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேட்கவில்லை.

கீழே ஓனர் வீட்டு முன்னறையில் நல்ல கணினி ஒன்று இருந்தது. ஓசூரில் இருக்கும் மகன் வாங்கி வைத்தது. ஊரையே ஆளக்கூடிய சக்தியுள்ள அந்தக் கணினியில் ஓனர் தினமும் அரை மணி நேரம் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“இதுக்குக் கேக்கோணுமுங்களா அம்மணி? உங்க ஊடு மாதிரி நெனச்சுக்குங்க” என்றார்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். ஐந்து போனை வாங்கி மேசையில் அடுக்க முடியாது. அதற்குத்தான் எமுலேட்டர். கணினிக்குள்ளேயே ஒரு போன் இருப்பதுபோல நடிக்க வைக்கும் மென்பொருள். திரையில் நிஜப் போன்போலவே வரும். தொட்டால் வேலை செய்யும். அளவை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது ஓட வேண்டுமானால் பிராசசரில் விர்ச்சுவலைசேஷன் என்ற வசதி திறந்திருக்க வேண்டும். அது திறந்தால் போதாது, அதை வேறு யாரும் பிடித்து வைத்திருக்கவும் கூடாது. எமுலேட்டரைப் போட்டுத் திறந்தேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘விர்ச்சுவலைசேஷன் அணைக்கப்பட்டுள்ளது’ என்றது.

எனக்குத் தெரிந்த வேலைதான். கணினியை அணைத்துத் திறக்கும்போது பயாஸ் என்ற அடித்தள அமைப்புக்குள் போய் அதை ஆன் செய்ய வேண்டும். ஆனால் அடுத்தவர் கணினியின் அடிமடியில் கை வைக்க யோசனையாக இருந்தது. அதைவிட, எட்டு வருடத்துக்கு முன் தெரிந்தது இன்றைக்கும் தெரியுமா என்ற பயம் இருந்தது. ஓனரிடம் விஷயத்தைச் சொல்லி, திறந்து பார்க்கட்டுமா என்றேன்.

“நீங்க எதுக்குங்க சிரமப்படோணும். நான் ஆளுக்குச் சொல்லி வெச்சர்றன்.”

ஆள் என்று ஒருமையில் சொன்னதை நான் நம்பியிருக்கக் கூடாது.

பத்தரைக்கு பஸ் ஸ்டாண்டு அருகில் போன், கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் பாய் வந்தார். முப்பது வயது இருக்கும், அலட்டிக்கொள்ளாத மனிதர். உட்கார்ந்ததும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டார்.

“இத முன்னாடி யாருங்க பாத்தது?”

முன்னாடி பார்த்தவர் எங்கேயும் நல்ல பெயர் வாங்கியதில்லை. ஓனர் தெரியலீங்களே என்றார். பாய் பயாஸுக்குள் போய் வசதியை ஆன் செய்தார். பிறகு சிஸ்டத்தின் சொந்தப் பாதுகாப்பு ஒன்று அதே வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அதையும் விடுவித்தார். ரீஸ்டார்ட் ஆனதும் எமுலேட்டர் திறந்தது. திரையின் நடுவே ஒரு போன், அதில் மணி பதினொன்று பத்து. எனக்கு உயிர் வந்தது.

“இத இப்படியே உட்டுருங்கக்கா. யாரும் தொட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் வரை வேலை பார்த்தேன். மாடிக்குப் போய்ச் சாப்பிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, நாலு மணிக்கு மறுபடியும் உட்கார்ந்தேன். ‘விர்ச்சுவலைசேஷன் அணைக்கப்பட்டுள்ளது’ என்றது பெட்டி.

பயாஸுக்குள் எட்டிப் பார்த்தேன். ஆன் செய்தது ஆஃபில் இருந்தது.

“சார், யாராச்சும் இதத் தொட்டாங்களா?”

“நான் அந்தப் பக்கமே போகலீங்க அம்மணி” என்றார் ஓனர். அது முழு உண்மை. அவர் போகவில்லை. “எதுக்கும் நாளைக்கும் ஒருக்கா வரச் சொல்றனுங்க.”

வியாழக்கிழமை பாய் மறுபடியும் வந்தார். பயாஸைத் திறந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து நான் ஆன் பண்ணி வெச்சிருந்தேன். நீங்க ஏதாச்சும் தெரியாம அமுக்கிட்டீங்களாக்கா?”

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் காது சுட்டது. இல்லை என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. இருக்கலாம் என்றேன். அவர் மறுபடியும் ஆன் செய்து கொடுத்துவிட்டுப் போனார். அன்று காலை முழுக்க வேலை பார்த்துக்கொண்டே எனக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: உனக்கு எல்லாம் மறந்துவிட்டது, எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டு அது தெரியாமலே உட்கார்ந்திருக்கிறாய், நாளைக்கு அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

மூன்று மணிக்குக் கீழே வந்தால் மறுபடியும் அதே பெட்டி. ஆனால் இந்த முறை திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு பச்சைக் கேடயம் இருந்தது. காலையில் இல்லாத ஆன்ட்டி வைரஸ். நான் தெரியாமல் ஒரு பொத்தானை அமுக்கியிருக்கலாம். தெரியாமல் ஒரு ஆன்ட்டி வைரஸைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்க முடியாது. நேராகச் சமையலறைக்குப் போனேன். ஓனரம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கம்மா, மத்தியானம் யாராச்சும் வந்தாங்களா?”

“வெள்ளக்கடை ஊர்க்காரரு ஒருத்தரு வந்தாருங்களே, ஊட்டுக்கு ஊடு கேமரா மாட்டறவரு. நேத்தும் வந்தாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றவர் கத்தியைக் கீழே வைத்தார். “எங்கூட்டுக்காரரு ரெண்டு பேருத்துக்கிட்ட சொல்லி வெச்சாருங்களா? அதானே பாத்தன்.”

வெள்ளக்கடைக்காரர் இன்னும் போகவில்லை. பின்பக்கம் நின்று ஓனரோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அதே நேரம் வாசலில் பாயின் வண்டி வந்து நின்றது. ‘எதுக்கும் மூணு மணி வாக்கில் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க’ என்று அவருக்கும் ஓனர் சொல்லி வைத்திருந்தார். இரண்டு பேரும் கணினிக்கு முன்னால் சந்தித்துக்கொண்டார்கள். ஓனர் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்தார்.

“நான் ஆன் பண்ணி வெச்சத நீங்கதான் ஆஃப் பண்ணீங்களாண்ணா?” என்றார் பாய்.

“ஆமாங்க. பாதுகாப்ப எல்லாம் யாரோ கழட்டி வெச்சிருந்தாங்க. ஊட்டுக் கதவத் தொறந்து போட்டாப்புல இருந்துச்சு. சாத்துனன். எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஆன்ட்டி வைரஸும் போட்டன்.”

“அந்தக் கதவு தொறந்திருந்தாத்தானுங்களே அக்காவோட போனு உள்ள வரும்.”

“அது எனக்கு யாரு சொன்னாங்க? விர்ச்சுவல்னு ஒண்ணு தொந்தரவு பண்ணுதுன்னு சார் சொன்னாரு. இனிமே தொந்தரவு பண்ணாதபடிக்கு அமத்தி வெச்சன்.”

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. இரண்டு பேருமே அவரவர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்கள். ஒருவர் திறந்ததை ஒருவர் மூடி, மூடியதை மறுபடியும் திறந்து, நடுவில் நான் இரண்டு நாளாக என் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பாய் பொறுமையாகத்தான் சொன்னார்: “யாரு பாக்கறதுன்னு நீங்களே சொல்லிருங்க சார். ஒருத்தர் போதும்.”

ஓனர் டம்ளரிலிருந்து தலையை எடுத்தார். பாயைப் பார்த்தார், வெள்ளக்கடைக்காரரைப் பார்த்தார். “காலைல ஒம்பது மணிக்கு ரெண்டு பேருமே வந்துருங்க” என்றார்.

அவர்கள் போன பிறகு நான் ஓனரிடம் பேசினேன். அப்படி நான் யாரிடமும் பேசியதில்லை. நாளை பதினொரு மணிக்கு என் வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், எட்டு வருடம் கழித்துக் கிடைத்தது இது ஒன்றுதான், போனால் இன்னொன்று எனக்குக் கிடைக்காது, தயவு செய்து ஒருவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஓனரின் முகம் விழுந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனார். அங்கேயே நடந்தார். நின்றார். மறுபடியும் நடந்தார். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது சட்டைக் காலர் வியர்த்திருந்தது.

“சொல்லிட்டனுங்க அம்மணி. பக்குவமா சொல்லிட்டன்.”

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு யாரும் வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. பாய்க்குப் போன் செய்தேன்.

“சார் வர வேண்டாம்னு சொல்லிட்டாரேக்கா. வெள்ளக்கடை அண்ணன் பாத்துக்குறாருன்னாரு.”

வெள்ளக்கடைக்காரருக்குப் போன் செய்தேன். “பாய் பாத்துக்குவாருன்னு சொல்லிட்டாருங்களே.”

திரும்பிப் பார்த்தேன். ஓனர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒருத்தர வாங்கன்னு சொல்லி ஒருத்தர வேண்டாம்னு சொன்னா, வேண்டாம்னு சொன்னவரு மனசு கஷ்டப்படுமுங்கல்ல. அதுனால ரெண்டு பேருத்துக்கும் ஒரே மாதிரி சொல்லிட்டன்” என்றார்.

வாழ்நாளில் முதல்முறையாக அந்த மனிதர் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார். அதையும் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது மணி பத்தாக இருபது நிமிடம் இருந்தது, பயப்படுவதற்கு நேரமில்லாமல் போயிற்று.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெட்டியை முதல்முறையாகக் கடைசி வரை படித்தேன். ‘விர்ச்சுவலைசேஷன் அணைக்கப்பட்டுள்ளது’ என்பதோடு அது முடியவில்லை. கீழே சின்ன எழுத்தில், ‘அல்லது வேறொரு மென்பொருள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது’ என்று இருந்தது. முதல் வரியைப் படித்ததும் பதறி மூடியது நான்தான். பயாஸுக்குள் போய் ஆன் செய்தேன். பிடித்து வைத்திருப்பவர்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். சிஸ்டத்தின் பாதுகாப்பு ஒன்று, புதிதாக வந்த பச்சைக் கேடயம் ஒன்று. கேடயத்தை முழுதாக எடுத்தேன். சிஸ்டத்தின் பாதுகாப்பை, வேலை முடிந்ததும் திரும்பப் போட வேண்டும் என்று கையில் பேனாவால் எழுதிக்கொண்டு அணைத்தேன். ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

கணினி திரும்பி வரும் அந்த ஒரு நிமிடத்தில் ஓனர் மெதுவாகப் போனை எடுத்தார். “எதுக்கும் மகன்கிட்ட ஒரு வார்த்தை—”

“அந்தப் போன இப்படிக் குடுங்க” என்று ஓனரம்மா கையை நீட்டினார். வாங்கி, முந்தானையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

எமுலேட்டர் திறந்தது. சின்னப் போன், பெரிய போன், மடக்குப் போன் என்று ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பதினொரு மணிக்கு மேனேஜர் வந்தார். இருபது நிமிடம் பேசினேன். மிகச் சின்ன திரையில் ‘வாங்கு’ பொத்தான் கீழே போய் ஒளிந்துகொள்வதைக் காட்டினேன். அவர் அதிகம் பேசாதவர், குறித்துக்கொண்டார். சாயங்காலம் மெயில் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கணினியின் பாதுகாப்பை எல்லாம் திரும்ப இருந்தபடியே வைத்துவிட்டு மாடிக்கு வந்தேன்.

நாலரை மணிக்கு மெயில் வந்தது. மூன்று வரிதான். ஒன்றாம் தேதியிலிருந்து பர்மனெண்ட். கணவருக்குச் சொல்ல நம்பரைத் தேடும்போது கீழே கேட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு கணவனும் மனைவியும் கேட்டருகில் நின்று எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா விரலால் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தார். படியின் அடியில் ஓனர் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் கை தானாகவே சட்டைப் பையைத் தடவியது.

இறங்கிப் போனேன். “யாருங்க சார் இவங்க?”

“ஊடு பாக்க வந்திருக்காங்கம்மணி. நேத்து நீங்க மனசு ஒடஞ்சு உக்காந்திருந்தீங்கல்ல. வேலை கீலை போயி நீங்க கீழ சேலத்துக்கே போறதாயிட்டா ஊடு சும்மா கெடக்குமேன்னு, எதுக்கும் புரோக்கர்கிட்ட ஒரு வார்த்தை…”

கோபம் தலைக்கு ஏறியது. என் முன்னால் நின்று வியர்த்து வழிந்துகொண்டிருந்த அதே நேரத்தில் என் வீட்டைக் காலி செய்திருக்கிறார். “அப்ப நான் தோத்துருவேன்னு நெனச்சீங்களா?” என்றேன்.

“அய்யோ, இல்லீங்க.” அவர் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். “நீங்க ஜெயிக்கோணும்னு சேர்வராயன் கோயிலுக்கு நடந்து போயி வேண்டிட்டு வந்தனுங்க. எதுக்கும் இருக்கட்டும்னு கீழ மாரியாத்தாளுக்கும் வேண்டியிருக்கறன்.”

அதற்கு மேல் அந்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் வேலைக்கு இரண்டு தெய்வம், என் வீட்டுக்கு இரண்டு குடித்தனம். எல்லாம் ஒரே மனசிலிருந்துதான் வந்திருக்கிறது. வந்தவர்கள் கேட்டைத் திறக்கட்டுமா என்று பார்த்தார்கள். ஓனர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். அவர் தொண்டையில் அந்தச் சொல் வந்து நிற்பதும் திரும்பிப் போவதும் கண்ணுக்குத் தெரிந்தது.

நானே கேட்டருகில் போனேன்.

“ஊடு காலியில்லீங்க” என்றேன்.

“காலியாகுதுன்னு சார் சொல்லி வெச்சிருந்தாருங்களே” என்றார் அந்தம்மா. “மேல இருக்கறவங்களுக்கு வேலை போவப் போவுதுன்னு புரோக்கர் சொன்னாருங்க.”

“மேல இருக்கறது நாந்தானுங்க. வேலை போகலீங்க, பர்மனெண்ட் ஆயிடுச்சு. சாருக்கு இன்னும் தெரியாது. எனக்கே இப்பத்தான் தெரியும்.”

பெற்ற தாய்க்கும் கட்டின கணவருக்கும் முன்னால், என் வீட்டைப் பிடிக்க வந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்தான் அதை முதலில் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் விழித்துவிட்டு, “நல்லதுங்க, சந்தோசம்” என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

திரும்பினால் ஓனர் எனக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

“பர்மனெண்டுங்களா அம்மணி?”

“ஆமாங்க சார்.”

“நொம்ப சந்தோசமுங்க.” சொல்லிவிட்டுக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு இன்னொரு குடும்பம் வருதுங்க. அவங்ககிட்டயும் இப்பச் சொன்னாப்புலயே நீங்களே சொல்லீருங்க, கண்ணு.”